தீர்மானத்தில் இல்லாத கிணறு

ஒரு தனியார் தொழிலைக் கூட்டுறவுச் சங்கமாக மாற்றும் கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது மிக அழகாக வரும். அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நூல் கோத்து, பக்க எண் இட்டு, பின்னிணைப்புக்கு ஒரு பின்னிணைப்பு வைத்து வரும். தானாக நடக்கிற எந்தக் காரியத்துக்கும் அவ்வளவு ஒழுங்கான கோப்பு இருந்து நான் பார்த்ததில்லை.

உங்களுக்கு இப்போது வசதிகள் அதிகம். மாதிரித் துணைவிதிகளை அச்சிட்டே தருகிறார்கள். திட்ட அறிக்கைக்கு ஒரு படிவம், சொத்து மதிப்பீட்டுக்கு ஒரு படிவம், உறுப்பினர்களுக்கு மூன்று நாள் பயிற்சி முகாம், ஆரம்ப வருடங்களில் மேலாளர் சம்பளத்துக்கு மானியம், ஆலோசனை சொல்ல வெளியூரிலிருந்து ஆட்கள். நான் கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்த காலத்திலும் இதில் பாதி இருந்தது. நான் குறை சொல்லவில்லை. படிவங்களை விரும்பியே நிரப்பியவன் நான். ஆனால் படிவத்துக்கு ஒரு குணம் உண்டு: அதில் கட்டம் இல்லாத கேள்வி நமக்குத் தோன்றவே தோன்றாது.

சந்தேகப்படுவது எனக்குப் புதிதல்ல. ஒருமுறை செங்கல் சூளைத் தொழிலாளர் சங்கம் ஒன்றைப் பதிவுக்குக் கொண்டுவந்தார்கள். உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே கதவு எண். மீதிப் பேரில் ஒருவர் இறந்து மூன்று தீபாவளி ஆகியிருந்தது. அந்தப் பட்டியலிலேயே மிகத் தெளிவாக விழுந்திருந்த கைநாட்டு அவருடையதுதான். அதன்பிறகு ஒவ்வொரு உறுப்பினரையும் நேரில் பார்த்து, முகத்தையும் ரேஷன் கார்டையும் ஒத்துப் பார்க்காமல் நான் எந்தச் சங்கத்தையும் பரிந்துரைத்ததில்லை. என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன். சேகோ மில் கோப்பு வந்தது அந்த நேரத்தில்தான்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாவதற்கு வெகு காலம் முன்பு. நைனார்பாளையத்துக்கு அந்தப் பக்கம், மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி எடுக்கும் சேகோ மில் ஒன்று. முதலாளி பெயர் தனவேல். அவருக்குச் சர்க்கரை வியாதி, மகன் வெளியூரில் உத்தியோகம், இனி மில்லை நடத்த முடியாது; வெளியாளுக்கு விற்பதைவிட வேலை செய்கிறவர்களே சங்கமாகச் சேர்ந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று மனு கொடுத்திருந்தார். நலிந்த தொழிலைத் தொழிலாளர் கூட்டுறவாக மாற்றினால் அரசு பங்குத்தொகையும் கடனும் தரும் திட்டம் ஒன்று அப்போது இருந்தது. எங்கள் பகுதியில் அதில் ஒரு சங்கம்கூட இன்னும் பதிவாகவில்லை. மார்ச் மாதத்துக்குள் ஒன்றாவது வேண்டும் என்று என் மேலதிகாரி தவித்துக்கொண்டிருந்தார்.

முதலாளி ஏன் தருகிறார்? இதுதான் என் முதல் கேள்வி. இரண்டு மாதம் தோண்டினேன். மில் பேரில் வில்லங்கம் உண்டா என்று பார்த்தேன். இல்லை. இயந்திரம் பழசா என்று பார்த்தேன். பழசுதான், ஆனால் விலையும் அதற்குத் தக்கபடியே இருந்தது. வேலை செய்கிற முப்பத்தெட்டுப் பேரையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். பெரும்பாலும் கிழங்குத் தோல் உரிக்கும் பெண்கள்; நிலம் இல்லாதவர்கள். மில் நின்றால் அவர்களுக்கு இருக்கும் ஒரே வழி, ஆள் பிடிக்கும் மேஸ்திரியின் லாரியில் ஏறி மாதக்கணக்கில் வெளியூருக்குக் கரும்பு வெட்டப் போவது. ஒரு சில வீடுகளில் அவர்களே அதைச் சொன்னார்கள். அஞ்சலை என்பவர் வீட்டில், நாலாம் வகுப்புப் படிக்கும் மகளைக் காட்டி, "இவ இஸ்கூலு போறதே இந்த மில்லாலதான் சார். லாரி ஏறிட்டா இவளும் எங்கூடத்தான் வரணும்" என்றார். அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டேன். அதற்கும் படிவத்தில் கட்டம் இல்லை.

கிழங்கு தொடர்ந்து வருமா என்று பார்க்கக் கல்வராயன் மலைக்குப் போனேன். ஜீப் போகும் வரை ஜீப்பில், பிறகு நடந்து, மூன்று நாள். கிழங்கு போடுகிற ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சங்கமோ சேட்டோ, யாரு வாங்குனா எங்களுக்கு இன்னாங்க? எட போடறவன் ஒழுங்கா போட்டா கெழங்கு தானா கீழ வரும்" என்றார். இதையும் எழுதிக்கொண்டேன்.

மலையெல்லாம் ஏறியவன், மில்லின் பின்பக்கச் சுவரைத் தாண்டி இருபது அடி நடக்கவில்லை. சேகோ மில் தண்ணீர் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. கிழங்கைக் கழுவ, அரைக்க, அரைத்த பாலைத் தெளிய வைக்க எல்லாவற்றுக்கும் தண்ணீர். சுவருக்கு அடியில் ஒரு தடித்த குழாய் உள்ளே வந்து தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். படிவத்தில் 'தண்ணீர் வசதி' என்ற கட்டத்தில் 'உண்டு' என்று எழுதினேன். குழாய் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை.

இப்போது நம் தொழிலில் எல்லோரும் செய்கிற, யாரும் வெளியே சொல்லாத ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். அமைப்புக் கூட்டத்துக்குப் போகும்போதே தீர்மானப் புத்தகத்தை எழுதி எடுத்துக்கொண்டு போவோம். இன்னார் முன்மொழிந்தார், இன்னார் வழிமொழிந்தார், ஏகமனதாக நிறைவேறியது என்று முதல் நாளே அலுவலகத்தில் உட்கார்ந்து நல்ல கையெழுத்தில் எழுதிவிடுவோம். கூட்டத்தில் அதை வேகமாக வாசித்து, கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிக்கொண்டு, மிக்சர் சாப்பிட்டுத் திரும்புவோம். நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள். இல்லை என்று தலையாட்ட வேண்டாம்.

கூட்டம் மில் களத்தில் நடந்தது. மேலதிகாரிக்கும் தனவேலுக்கும் நாற்காலி. மற்றவர்கள் தரையில். நான் நின்றபடி வாசித்தேன். "முன்மொழிந்தவர் லூர்துமேரி, வழிமொழிந்தவர் அஞ்சலை" என்று வந்ததும் அஞ்சலை எழுந்துவிட்டார்.

"சார், எம்பேரு வந்துதே. நான் இன்னா சொன்னன்னு எழுதிக்கீறீங்க?"

பெண்கள் சிரித்தார்கள். லூர்துமேரி அவர்களில் மூத்தவர். தலைவராகப் போகிறவரும் அவர்தான். அவர் அஞ்சலையின் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "ஏய், குந்துடி. பேரு வந்துச்சேன்னு சந்தோசப்படு."

"நான் இன்னும் வாயே தொறக்கலியேக்கா. அதுக்குள்ள எழுதிக்கினு வந்துட்டாரு. கெட்டிக்காரருதான்."

"இது வழக்கம்மா" என்றேன். "மில்ல சங்கம் வாங்கிக்கலாம்னு அவங்க சொல்றாங்க. சரின்னு நீங்க சொல்றீங்க. அவ்வளவுதான்."

"எத வாங்கிக்கறதுக்கு சரின்னேன்? அத படிங்க, கேப்போம்."

சொத்து அட்டவணையை வாசித்தேன். நிலம், கட்டடம், அரவை இயந்திரம், தொட்டிகள், வறுக்கும் அடுப்பு, காயவைக்கும் களம், மின் இணைப்பு, தராசு, மேசை இரண்டு, நாற்காலி நான்கு. அஞ்சலை விரலை மடக்கிக்கொண்டே வந்தார்.

"நாக்காலி கூட வந்துது. கெணறு வரலியே?"

அட்டவணையை மேலிருந்து மறுபடி பார்த்தேன்; கிணறு இல்லை. தனவேல் சிரித்தார். "கெணறு எங்க போயிடும்? பக்கத்துலதான கீது. தண்ணி வுடமாட்டேன்னா சொன்னேன்?"

"வுடறேன்னும் சொல்லலியே மொதலாளி."

"பாத்தீங்களா சார்? இத்தினி வருசம் என் உப்ப தின்னவ பேசற பேச்சு."

"உப்பா? இங்க கெழங்குதான மொதலாளி."

இந்தமுறை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. கிணறு யார் பட்டாவில் இருக்கிறது என்று தனவேலைக் கேட்டேன். "அது வூட்டுக்காரம்மா பேர்லங்க. அவங்கப்பா சீரா குடுத்த நெலம். அத நான் எப்டி சார் எழுதித் தர முடியும்?" என்றார்.

என் தலைக்குள் முழுக்கதையும் ஓடி முடிந்துவிட்டது. அரசுக் கடனில் மில்லைச் சங்கத்துக்கு விற்பார். ஒரு வருடம் தண்ணீர் விடுவார். பிறகு ஒருநாள் குழாயை அடைப்பார். சங்கம் படுக்கும். ஏலத்துக்கு வரும். அதே மில்லை அரை விலைக்கு அவரே எடுப்பார். கச்சிதமான திட்டம். அதற்கு என் கையெழுத்தில் 'தண்ணீர் வசதி உண்டு' என்று சான்று வேறு.

மேலதிகாரி என் பக்கம் சாய்ந்து, "அதைத் தனியா ஒரு ஒப்பந்தமாப் பிறகு பார்த்துக்கலாம். நீங்க கையெழுத்து வாங்குங்க" என்றார்.

இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வாங்கியிருக்கலாம், முப்பத்தேழு பேர் தயாராக இருந்தார்கள். கூட்டத்தை இன்னொரு நாளைக்குத் தள்ளியிருக்கலாம். தள்ளினால் அடுத்த கூட்டத்துக்கு அஞ்சலைக்குத் தகவல் போகாது. அந்த வித்தையும் எனக்குத் தெரியும். தீர்மானப் புத்தகம் பக்க எண் இட்டு முத்திரை வைத்தது. கிழிக்க முடியாது. அதனால் நான் எழுதிக் கொண்டுவந்த அழகான தீர்மானத்துக்குக் கீழேயே எழுதினேன்: 'மேற்கண்டது நிறைவேறவில்லை. கிணறு ஏன் சேர்க்கப்படவில்லை என்று அஞ்சலை கேட்டார். கூட்டத்தில் அதற்கு விடை கிடைக்கவில்லை.' நேரம் குறித்துக் கையெழுத்துப் போட்டேன். இனி அந்தப் புத்தகத்தை யார் திறந்தாலும் அந்த வரியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மேலதிகாரி படித்துவிட்டுப் பேனாவை மூடினார். "பதவி உயர்வை மறந்துடுங்க" என்றார். சொன்ன வாக்கைக் காப்பாற்றும் மனிதர் அவர்.

இதுவரை கேட்டால் நான் ஏதோ சாதித்தவன் போலத் தெரியும். அடுத்து நான் செய்ததுதான் தவறு.

விற்காத மில்லை இனி ஓட்ட முடியாது என்று தனவேல் அதை நிறுத்திவிட்டார். நான் கடிதம் எழுதினேன். கிணறு இருக்கும் புல எண்ணுக்கு வரைபடம் கேட்டு ஒரு கடிதம். வில்லங்கச் சான்றுக்கு ஒன்று. சட்டக் கருத்துக் கேட்டு ஒன்று. ஒவ்வொன்றும் முறைப்படி சரியானது. ஒவ்வொன்றும் தபாலில் போனது. மூன்று வாரம் ஓடிவிட்டது. ஒருநாள் காலை அஞ்சலை கள்ளக்குறிச்சி அலுவலகத்துக்கு வந்து என் மேசை முன்னால் நின்றார்.

"சார், நாளான்னிக்கு லாரி வருது. மேஸ்திரி ஆள் எடுத்துக்கினு கீறாரு. ஏறதா வேணாமான்னு மட்டும் சொல்லுங்க."

"லெட்டர் போட்டிருக்கேன்மா. பதில் வரணும்."

"யாரு யாருக்குப் போட்டீங்க?"

சொன்னேன்.

"கெணத்துக்காரம்மாள கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது. மனைவி பேரில் இருக்கும் சொத்து என்றால் கணவனின் தந்திரம் என்று என் அனுபவம் சொல்லியிருந்தது. அந்தப் பெண்மணியை நான் ஒரு ஆளாகவே எண்ணவில்லை. தனவேலின் இன்னொரு கையெழுத்தாக எண்ணியிருந்தேன். சந்தேகம் ஒரு நல்ல கருவிதான். ஆனால் அது எதிரே நிற்கிறவரைப் பார்க்கவிடாமலும் செய்யும்.

அன்று மதியமே பஸ் பிடித்துச் சங்கராபுரத்தில் இருந்த தனவேல் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் பெயர் பாக்கியம். வாசலில் வைத்தே பேச்சைத் தொடங்கினேன்.

"மில்ல விக்கறாரா?" என்றார் அவர். "எனக்கு நீங்க சொல்லித்தான் தெரியுது."

"உங்க கிணறு இல்லன்னா மில் ஓடாதும்மா."

"அது எனக்குத் தெரியாதா? இருவது வருசமா எங்கப்பா வூட்டுக் கெணத்துலதான் அவரு மொதலாளியா கீறாரு. என்ன ஒருத்தரும் கேக்கல. இப்ப கேக்கச் சொன்னது யாரு, உங்க ஆபீசா?"

"இல்லம்மா. அங்க வேல செய்ற ஒரு பொம்பள."

அவர் திண்ணையைக் காட்டி உட்காரச் சொன்னார். "கெணத்த விக்கமாட்டேன். என் நெல்லுக்கும் தண்ணி வோணும். பாதிப் பங்கு எழுதித் தரேன். ஆனா உங்க சர்க்காருக்குத் தரமாட்டேன். அந்தப் பொம்பளைங்க பேர்ல போடற மாதிரி எழுதுங்க."

எங்கள் பக்கத்தில் கிணற்றில் பங்கு என்பது பத்திரத்தில் எழுதுகிற வழக்கமான விஷயம். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் கிணற்றைக் கால் பங்கு, அரைப் பங்கு என்று பிரித்து, யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்று முறை வைப்பார்கள். அதையே சங்கத்துக்கும் செய்யலாம் என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. சங்கம் பதிவானதும் அதற்குப் போய்ச் சேரும்படி வாசகம் அமைத்து, பத்திரம் எழுதிப் பதிவு செய்ய இன்னும் பதினோரு நாள் ஆயிற்று.

லாரி அதற்கு முன்பே போய்விட்டது. அதில் ஒன்பது குடும்பம். அஞ்சலையும் மகளும் அதில் இருந்தார்கள்.

பத்திரத்தில் தனவேல் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் கேட்டே விட்டேன்: அட்டவணையில் கிணற்றை வேண்டுமென்றுதான் விட்டீர்களா என்று. "கேட்டா குடுத்திருப்பா சார். கேக்கணும்னு எனக்குத் தோணல" என்றார். நம்புவதா வேண்டாமா என்று இன்றுவரை நான் முடிவு செய்யவில்லை. செய்யத் தேவையும் இல்லை. அவர் திருடனாக இருந்தாலும் மறதிக்காரராக இருந்தாலும் பத்திரத்தில் வேண்டிய வரி ஒன்றுதான்.

மீதி இருந்தவர்களைக் கொண்டு சங்கம் பதிவானது. லூர்துமேரி தலைவர். கரும்புப் பருவம் முடிந்ததும் லாரியில் போனவர்கள் திரும்பினார்கள். எல்லோரும் உறுப்பினராக மனுக் கொடுத்தார்கள். மற்ற எட்டுக் குடும்பத்தையும் நிர்வாகக் குழு சேர்த்துக்கொண்டது. அஞ்சலையின் மனுவைத் தள்ளிவிட்டது.

நான் லூர்துமேரியிடம் போனேன்.

"சார், அவ கேட்டதாலதான் கெணறு வந்துது, இல்லங்கல" என்றார் அவர். "ஆனா அவ கேட்டதாலதான் மில்லும் நின்னுது. ரெண்டு வேள கஞ்சிக்கு எத்தினி பேரு அலைஞ்சோம் தெரியுமா? அவ உள்ள வந்தா தெனம் ஒரு கேள்வி. வேல நடக்குமா? கூலிக்கு வரட்டும், வேணாங்கல."

"கூலிக்கு ஆள் வைக்கவா சங்கம்?"

"நீங்களும் அவளும் ஒரே கட்சி சார். நீங்க பேசாதீங்க."

கேட்டுக்கொண்டேன். அந்த மாதம் ஆய்வறிக்கையில் 'கூலிக்கு அமர்த்தப்பட்டவர்' என்ற கட்டத்தில் 'ஒருவர்' என்று எழுதினேன். எல்லோரும் முதலாளியான மில்லில் ஒரே ஒரு கூலியாள். அஞ்சலை மகளைப் பள்ளியில் மறுபடி சேர்த்துவிட்டார். ஆனால் கூலி வேலை அன்றன்றைக்கு. நாளை வராதே என்றால் மறுபடி லாரிதான்.

கிழங்குக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று அவரிடம் சொன்னேன்: "உறுப்பினரா சேர்க்க மறுத்தா மேல்முறையீடு பண்ணலாம். சட்டத்துல இடம் இருக்கு."

"எத்தினி நாளாவும்?"

"மூணு மாசம். நாலு மாசம்."

"அதுக்குள்ள அடுத்த லாரி வந்துடும் சார்." கத்தியை நிறுத்தாமல் தோலை உரித்துக்கொண்டே சொன்னார். "கேள்வி கேக்கமாட்டேன்னு எழுதிக் குடுத்தா சேத்துக்கறேன்னு மேரியக்கா சொல்லுது."

"எழுதிக் குடுத்துடுங்களேன்" என்றேன். "உள்ள வந்துட்டா, பிறகு பார்த்துக்கலாம்."

சொல்லி முடித்ததும்தான் உறைத்தது. களத்தில் என் பக்கம் சாய்ந்து மேலதிகாரி சொன்ன அதே சொல். அஞ்சலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உரித்த கிழங்கைத் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார்.

அஞ்சலை எழுதித் தரவில்லை. நான்தான் துணைவிதிகளை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். நிர்வாகக் குழு தள்ளியதை, எல்லா உறுப்பினரும் கூடும் பேரவையில் மறுபடி வைக்க ஒரு விதி இருந்தது. அதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லி எழுதினேன். லூர்துமேரி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

பேரவை மாலையில் கூடியது. அஞ்சலையைச் சேர்க்கலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னேன். முதலில் லாரியில் போய்த் திரும்பியவர்கள் தூக்கினார்கள். பிறகு ஒவ்வொன்றாக, பக்கத்தில் பார்த்துப் பார்த்து. எண்ணினேன், பாதியைத் தாண்டியது. லூர்துமேரி தூக்கவில்லை. "எனக்குப் புடிக்கல. ஆனா கணக்குக் கணக்குதான்" என்றார்.

அஞ்சலை பங்குத்தொகையைக் கட்டி, ரசீதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, உறுப்பினர்களோடு போய் உட்கார்ந்தார். நன்றி சொல்லிக் கூட்டத்தை முடிக்கலாம் என்று நான் வாயைத் திறந்தேன்.

"தலைவரக்கா, மலையிலருந்து கெழங்கு ஏத்தியார லாரி யாருது?"

"எந்தம்பிது. அதுக்கு இன்னா?"

"வேற லாரிக்காரன கேட்டீங்களா, கேக்கலியா?"

"ஆரம்பிச்சிட்டாடி" என்று பின்னாலிருந்து யாரோ முனகினார்கள். லூர்துமேரி என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா சார்? இதுக்குத்தான் வேணாம்னேன்."

ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை. முனகியவரே, "கேட்டதுக்குப் பதில் சொல்லுக்கா" என்றார். லூர்துமேரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தம்பியின் லாரி எப்படி வந்தது என்று முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.

ரோட்டில் நான் ஏற வேண்டிய கள்ளக்குறிச்சி பஸ் நின்று, ஹாரன் அடித்து, புறப்பட்டுப் போனது. நான் பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.